மகஜரில் கிடந்த புளியமரம்

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து" என்ற தொடர் இல்லாத விபத்து எஃப்.ஐ.ஆரை நான் அதிகம் பார்த்ததில்லை. யார் ஓட்டினார், இறந்தவரின் வயது என்ன, வருமானம் என்ன என்றுதான் திருவண்ணாமலையில் இழப்பீட்டு வழக்குகளில் நாங்கள் வாதாடுவோம். எந்த இடம் என்பது போலீசார் எழுதும் சம்பவ இட மகஜரில் ஒரு வரியாகக் கிடக்கும்.

2018இல் வந்த வழக்கு அது. பௌர்ணமி முடிந்த விடியற்காலை. கிரிவலம் முடித்துத் திரும்பிய வேன், கிராமத்துச் சந்திலிருந்து பால் கேனோடு மொபெட்டில் மெயின் ரோடு ஏறியவர் மீது மோதியது. வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போதே அவர் மனைவி சொன்னார்: "அந்தப் புளியமரத்தாண்ட இவரு மூணாவது ஆளுங்க ஐயா."

நான் அதை எழுதிக்கொள்ளவில்லை. 'இறந்தவரும் பார்க்காமல் ஏறினார்' என்று சொல்ல இன்சூரன்ஸ் தரப்பு காத்திருந்தது. இடம் மோசம் என்று நானே பேச்செடுத்தால் வேன் ஓட்டுநரின் பொறுப்பு குறையும், அந்த அம்மாவுக்கு வர வேண்டிய தொகையும் குறையும். தவறு முழுக்க ஓட்டுநருடையது என்று வாதாடினேன். இழப்பீடு கிடைத்தது.

ஆனால் புளியமரம் மனதை விட்டுப் போகவில்லை. குமாஸ்தாவோடு உட்கார்ந்து பழைய கட்டுகளைப் பிரித்து, சம்பவ இடத்தை மட்டும் படித்தேன். ஒன்றில் 'புளியமரம் அருகில்', இன்னொன்றில் 'ரைஸ் மில் எதிரில்', வேறொன்றில் 'பஸ் ஸ்டாப் தாண்டி'. நேரில் போய் டேப் பிடித்து அளந்தோம். மூன்று ஆண்டுகளில் ஐந்து விபத்துகள், எல்லாம் அரை கிலோமீட்டருக்குள். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள் இருந்தால் அது 'பிளாக் ஸ்பாட்' என்பது மத்திய அரசே வகுத்த அளவுகோல். ஒரே இடம் மூன்று பெயரில் சிதறிக் கிடந்ததால் யார் கணக்கிலும் ஏறவில்லை.

அந்த இடத்தைச் சரிசெய்யக் கேட்டு மனுப் போட்டேன். அங்கிருக்கும் வளைவுக்கு எச்சரிக்கைப் பலகை வைப்பதாகப் பதில் வந்தது. அது போதுமா என்று, கட்டுகளில் இருந்த சம்பவ இட மாதிரி வரைபடங்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். ஐந்தில் நான்கு விபத்துகளில் ஒரு வண்டி சந்திலிருந்து ஏறியிருக்கிறது, நான்கும் இருட்டு நேரம். வளைவில் முந்தப் போய் மோதியது ஒன்றுதான். பலகை வைத்தால் அந்த ஒன்று வேண்டுமானால் தடுக்கப்பட்டிருக்கும். சந்தின் வாய் தெரியாமல் இருந்ததுதான் மற்றவர்களைக் கொன்றது.

விளக்கு, சந்துக்குள் வேகத்தடை, பார்வையை மறைத்த விளம்பரத் தட்டியை அகற்றுவது ஆகிய மூன்றையும் கேட்டு, வரைபடங்களை இணைத்து, ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதினேன். கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2017 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளை அடிப்படையாக வைத்தேன். மாவட்டம்தோறும் குழு, ஆபத்தான இடங்களைக் கண்டறிந்து சரிசெய்வது எல்லாம் அதில் இருந்தன. ஒரு மருத்துவர் டெல்லி வரை போயிருக்கிறார், நான் ஆட்சியர் அலுவலகப் படி ஏறக் கூடாதா?

தட்டி முதலில் போனது. விளக்குக்கு எட்டு மாதம் அலைந்தேன்.

இப்போது போலீசார் ஐராட் என்ற விபத்துத் தரவுச் செயலியில் சம்பவ இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதிகிறார்கள். ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய நல்ல ஏற்பாடு. புளியமரமும் ரைஸ் மில்லும் இனி வேறு வேறு இடமாகப் பிரியாது. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வண்டி ஏறியது என்பதையும் யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும்.

இழப்பீட்டில் மகன் பங்குக்கான வைப்புத்தொகையை எடுக்க மனுப் போட அந்த அம்மா மறுபடி வந்தார். "லைட்டு எரியுதுங்க ஐயா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பப் பாத்தாத்தான் தெரியுது. அந்த வேன்காரருக்கு நெசமாவே இவரு தெரிஞ்சிருக்க மாட்டாரு."