அழுகிய பழத்தை யார் எடுத்துப் போடுவது?

2019 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி பீச்சில் நடந்த ஆர்ட் பேசல் கலைச் சந்தையில், சுவரில் டேப்பால் ஒட்டிய ஒரு வாழைப்பழம் விலைபோனது. இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலன் அதற்கு 'காமெடியன்' என்று பெயர் வைத்திருந்தார். விலை 1,20,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 85 லட்சம் ரூபாய்.

பணக்காரர்களின் கிறுக்குத்தனம் என்று சிரித்துவிட்டு நாம் கடந்துபோகலாம். ஆனால் வாங்கியவர் கிறுக்கர் இல்லை, தோழர்களே. இப்படிப்பட்ட சந்தைக்குள் பெரிய சேகரிப்பாளர்கள் பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் முன்பே அழைப்பு அட்டையோடு போய்விடுகிறார்கள். அங்கே அவர் காசு கொடுத்தது ஒரு சான்றிதழுக்கும், பழத்தை எப்படி ஒட்டுவது, எப்போது மாற்றுவது என்ற குறிப்புக்கும். அதே சந்தையில் டேவிட் டட்டுனா என்ற கலைஞர் பழத்தைப் பிய்த்துத் தின்றார். உடனே வேறு பழம் ஒட்டினார்கள். யாருக்கும் நட்டமில்லை. பழம் அழுகும், சான்றிதழில் உள்ள பெயர் அழுகாது.

என் அம்மா பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர். இந்தக் கதையைச் சொன்னபோது விலையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. "அழுவுன பழத்த யாரு எடுத்துப் போடுவா?" என்றுதான் கேட்டார். கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதில் நான் பார்க்காத கேள்வி அது.

மயாமியின் துப்புரவுத் தொழிலாளர்கள் அதே மாதம் அந்தக் கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். தங்கள் சட்டையில் வாழைப்பழத்தை டேப்பால் ஒட்டிக்கொண்டு, நல்ல ஊதியமும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டு நின்றார்கள். ஒரு பழத்துக்கு இவ்வளவு மதிப்பு என்றால் எங்கள் உழைப்புக்கு என்ன மதிப்பு என்று கேட்காமல் கேட்டார்கள்.

2024 நவம்பரில் அதே படைப்பின் ஒரு பிரதி நியூயார்க்கின் சதபீஸ் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன். பிறகு ஹாங்காங்கில் பத்திரிகையாளர்கள் முன்னால் அதைத் தின்றும் காட்டினார். ஏலத்துக்கான பழம் 35 சென்ட்டுக்கு ஒரு தள்ளுவண்டியில் வாங்கப்பட்டது. விற்றவர் வங்கதேசத்திலிருந்து குடியேறிய முதியவர். வண்டிகூட அவருடையதில்லை, அவர் கூலிக்கு நின்றவர். தான் விற்ற பழத்தின் விலையைப் பத்திரிகையாளர் சொல்லிக் கேட்டபோது அழுதிருக்கிறார்.

மயாமியில் சாதி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தொட்டு வேலை செய்யும் கையைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, தொடாமல் சொந்தம் கொண்டாடும் பெயரை மேடையேற்றும் ஏற்பாடு நமக்குப் பழக்கமானது. மாட்டுத் தோலை உரித்துப் பதப்படுத்திப் பறை கட்டியவரை ஊருக்கு வெளியே நிறுத்திய ஊர்தான், பறை அடிக்காமல் சாவு எடுக்கவில்லை.

அதற்காகக் கலைக்கூடங்களுக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். போங்கள். நம் பிள்ளைகளின் படைப்புகளும் அந்தச் சுவர்களில் ஏற வேண்டும், நம் பெயரோடு. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையைப் படித்த பிறகு, அந்தத் தரையைத் துடைத்தவரிடமும் இரண்டு நிமிடம் பேசுங்கள். நிரந்தர வேலையா, ஒப்பந்தமா? எவ்வளவு கூலி? சங்கம் இருக்கிறதா? பதிலை எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவோம்.