புடைத்தால் நல்லதாம்!

ராயகிரியில் என் அண்ணன் வீட்டுத் திண்ணை மூன்றடிக்குச் சற்று மேலேயே இருக்கும். அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். ஏன் அளக்க நேர்ந்தது என்பதுதான் கதை.

போன ஆனி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் பேரன், ஒன்றரை வயதுப் பயல், திண்ணையில் நின்று காக்காயைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தவன் தொப்பென்று கீழே விழுந்தான். வீரிட்டு அழுதான். காதுக்கு மேலே எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்துக் கொண்டது. ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"வெளியே புடைச்சா நல்லதுளா, உள்ளே ஒண்ணும் ஆகாது" என்றாள் மதினி. பட்டணத்தில் இருபது வருஷம் குடித்தனம் செய்தவள், வாரா வாரம் டாக்டர் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பவள், நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாயிருக்கிறது.

ஈரத்துணியால் ஒற்றினோம். குழந்தை வாந்தி எடுத்தான். பயந்திருக்கிறான் என்று வேப்பிலை அடித்தாயிற்று. மறுபடியும் வாந்தி, மறுபடியும். அப்புறம் வேளை கெட்ட வேளையில் கண்ணைச் செருகிக்கொண்டு தூங்கப் போனான்.

பெரியவர்கள் முன்னால் வாயே திறக்காத பெண், குழந்தையின் தாய், அப்போதுதான் பேசினாள்: "அத்தை, இவன் பார்வையே சரியில்லை. என்னைத் தெரியாத மாதிரி பார்க்கிறான்."

108-க்குப் போன் செய்தோம். சங்கரன்கோவில் போய், அங்கிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி. "எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான்?" என்று டாக்டர் கேட்டார். மதினி ஓரடி என்றாள். அண்ணன் இரண்டடி என்றார். ஸ்கேனில் மண்டையோட்டில் மெல்லிய விரிசல், உள்ளே சிறு ரத்தக் கசிவு. நல்ல வேளை, ஆபரேஷன் தேவைப்படவில்லை. நான்கு நாள் கண்காணித்து அனுப்பினார்கள்.

புடைப்பைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். அது உள்ளே இருப்பதைப் பற்றி ஜாமீன் கொடுக்காதாம். நெற்றியில் புடைத்தால் பெரும்பாலும் பயமில்லை. இரண்டு வயதுக்குள், பக்கவாட்டிலோ பின்மண்டையிலோ புடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த வயதுக்கு மூன்றடி என்பதே பெரிய உயரம். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், நினைவு தப்புதல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல் வடிதல், ஒரு கண்மணி மட்டும் பெரிதாய்த் தெரிதல் - இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிஷம் காத்திருக்கக் கூடாது. விழுந்த குழந்தையைத் தூங்கவே விடக்கூடாது என்பார்களே? வழக்கம்போல் இருக்கிற குழந்தை தூங்கலாமாம். இடையில் எழுப்பிப் பார்த்தால் போதும்.

இன்னொன்றும் சொன்னார். 2009-இல் அமெரிக்காவில் நாற்பத்திரண்டாயிரம் குழந்தைகளுக்கு மேல் ஆராய்ந்து ஒரு விதி வகுத்தார்களாம். சின்னக் குழந்தைகளுக்கு அதில் ஓர் அடையாளம், 'குழந்தை வழக்கம்போல் இல்லை' என்று பெற்றவர்கள் சொல்வது! மதினி மருமகளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

திண்ணைக்கு இப்போது மரத்தடுப்பு போட்டிருக்கிறார்கள். பயல் அதன்மேல் ஏறப் பழகுகிறானாம். நேற்றுப் போனில் மதினி சொன்னாள்.