தாம்பரத்துச் சாவிக்காரர்

சாவி என்பது சும்மா இருக்கும் நாளில் தொலைவதில்லை. முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் ஐந்தரைக்குத்தான் தொலையும். பட்டுப்புடவை, பழத்தட்டு, பாட்டி, பேரக்குழந்தை எல்லாம் வாசலுக்கு வந்தாயிற்று, காரும் நிற்கிறது, சாவியை மட்டும் காணோம். "கண்ணாடியை உடைத்துவிடலாமா?" என்கிறார் மாப்பிள்ளை. "அதெல்லாம் வேண்டாம். ஸ்டேஷன் பக்கம் போய்ச் சாவிக்காரரைக் கூட்டி வாருங்கள்" என்கிறாள் வீட்டு அம்மாள்.

நேயர்களே, அம்மாள் சொல்வதுதான் சரி. ஏன் சரி என்று தெரிந்துகொள்ள, சென்னைக்குத் தெற்கே ஒரு நடை போய்வருவோம், வாருங்கள்.

கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரத்தில் கொண்டுபோய் விடும். 1931-ல் தொடங்கிய மின்சாரத் தடம் இது. தாம்பரமும் பல்லாவரமும் பம்மலும் செம்பாக்கமும் 2021-ல் ஒரே மாநகராட்சியாகிவிட்டன. கூட்டுக் குடும்பம் ஆனாலும் ஒவ்வோர் ஊருக்கும் தனி முகம் உண்டு.

முதலில், வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் பல்லாவரத்தில் இறங்குங்கள். சந்தை கூடும் நாள். செடி, துணி, பழைய ரேடியோ, ஓடாத கடிகாரம் என்று என்னென்னவோ விற்கும். பழைய இரும்புச் சாமான் பரப்பியிருக்கும் இடத்தில் சற்று நில்லுங்கள். பூட்டில்லாத சாவிகளும் சாவியில்லாத பூட்டுகளும், ஜாதகம் பொருந்தாத வரன்களைப்போல, பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

கைத்தொழில் இந்த ஊருக்குப் புதிதல்ல. கற்கால மனிதன் செதுக்கிய கல்லாயுதம் ஒன்றை, 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப ஆராய்ச்சியாளர் கண்டெடுத்தது இதே பல்லாவரத்தில்தான். அன்று கல்லைச் செதுக்கினார்கள். இன்று பித்தளையை அராவுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்!

சாவிக்காரரைப் பார்க்குமுன் தாம்பரத்தைத் தாண்டி ஒரு ஸ்டேஷன் போய்விட்டு வரவேண்டும். பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார்கள் இங்கே தயாராயின. முதலில் வந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கிப் பின் சீட்டுக்குப் பாட்டியை ஏற்றுவதென்றால் லேசான காரியமா? பிற்பாடு நம் குடும்பங்களுக்கென்றே நாலு கதவு ஹெரால்டு பிறந்தது. 1972-ல் 'கெஸல்' வந்தது. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. 1988-ஓடு எல்லாம் நின்றது. ஆலை இருந்த நிலத்தில் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கட்டடங்கள்.

ஆலை போய்விட்டது, அங்கே பிறந்த கார்கள் எல்லாம் போய்விடவில்லை. கல்யாணத்துக்கு வாங்கியது, அப்பா ஓட்டியது என்று ஆசையோடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாஸடரும் அப்படித்தான். கம்பெனியே இல்லாத காருக்குச் சாவி தொலைந்தால் யாருக்குக் கடிதம் எழுதுவது? இந்த இடத்தில்தான் நம் சாவிக்காரர் வருகிறார்.

தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டிய கடைத்தெருவில் அவரைப் பார்க்கலாம். பெரிய கடை என்று நினைத்துவிடாதீர்கள். தலைக்கு மேலே ஒரு குடை, முன்னால் ஒரு மரப்பெட்டி, அதில் சின்னதாக ஒரு வைஸ், நாலைந்து அரங்கள், வரிசையாகத் தொங்கும் வெட்டாத சாவிகள். சொத்து இவ்வளவே. மற்றதெல்லாம் விரலில் இருக்கிறது.

மாதிரிச் சாவி இருந்தால் அதைப் பார்த்து இன்னொன்று வெட்டிவிடலாம். மாதிரியே இல்லாதபோது என்ன செய்வார்? பூட்டையே கேட்பார்!

பழைய கார்ப் பூட்டுக்குள் ஓர் உருளை உண்டு. அதில் ஐந்தாறு மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தகடுகள் வெளியே நீட்டிக்கொண்டு உருளையைத் திரும்பவிடாமல் தடுக்கும். சரியான சாவி நுழைந்தால் அத்தனை தகடுகளும் ஒரே மட்டத்துக்கு அடங்கும், உருளை திரும்பும். சாவியில் இருக்கும் மேடும் பள்ளமும் அந்தத் தகடுகளின் கணக்குத்தான்.

சாவிக்காரர் வெட்டாத சாவியைத் தீயில் காட்டிக் கரி பிடிக்க வைப்பார். பூட்டில் நுழைத்து, திருப்புகிற மாதிரி லேசாக அழுத்தி அசைப்பார். வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். தகடு முட்டிய இடத்தில் ஊசி முனை அளவு ஒரு தடம் விழுந்திருக்கும். அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி நுழைப்பு, மறுபடி பார்வை. தடம் விழுவது நின்றால் அந்த இடம் சரி என்று அர்த்தம். ஓர் இழுப்பு அதிகமானால் சாவி பாழ். புதிதாக எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே அவசரப்படுத்தாதீர்கள். நாம் பேசிக்கொண்டே இருக்கும்போது 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பூட்டு பதில் சொல்லிவிட்டது!

இன்னொரு வேடிக்கை உண்டு. சாவியும் பூட்டும் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய தம்பதி மாதிரி, சேர்ந்தே தேய்கின்றன. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். நகலிலிருந்து நகல் எடுத்தால் இன்னும் மோசம். கைதேர்ந்தவர் தேய்ந்த அளவைக் கண்ணால் கணக்கிட்டுச் சற்றுக் குறைவாகவே அராவுவார்.

திண்டுக்கல் பூட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே கைத்தொழிலாளி ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனியே சாவி பொருத்துகிறார். கார்ப் பூட்டோ இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் பிறந்தது. ஐந்து தகடு, ஒவ்வொன்றுக்கும் மூன்றே உயரம் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி 243 விதமான சாவிகள்தான் அமையும். கார்களோ எத்தனையோ ஆயிரம்! அதோடு பூட்டும் தேய்ந்துவிட்டால், ஒரு வண்டியின் சாவி இன்னொரு வண்டியைத் திறப்பதில் ஆச்சரியம் என்ன?

அப்படியானால் நம் காரைக் காப்பது எது? பூட்டா? பாதிதான். மீதிப் பாதி அந்தக் குடையின்கீழ் உட்கார்ந்திருப்பவருடைய நாணயம். அதே அரம், அதே விரல், அதே வித்தை; கேட்பவர் சொந்தக்காரரானால் மாற்றுச் சாவி, இல்லாவிட்டால் கள்ளச்சாவி. அதனால்தான் நல்ல சாவிக்காரர் அரத்தை எடுப்பதற்கு முன் வாயைத் திறக்கிறார்:

"வண்டி யாருதும்மா?"

"எங்க மாமனார் வாங்கினது. இப்போ எங்க வீட்டுக்காரர் ஓட்டறார்."

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. ஆர்.சி. புத்தகத்தை ஒரு தடவை காட்டிடுங்க."

புதுக் கார்களின் கதை வேறு. அவற்றில் பலவற்றின் சாவிக்குள் மின்னணுச் சில்லு இருக்கிறது. பித்தளையை எவ்வளவு அழகாக அராவினாலும், சில்லு சொல்லும் ரகசியம் ஒத்துப்போகாவிட்டால் இஞ்சின் கிளம்பாது. அதற்குக் கருவி வேண்டும். ஆகவே கை அரத்தை நம்பியவருக்கு வருஷத்துக்கு வருஷம் பழைய வண்டிகள்தாம் மிச்சம்.

வீட்டு அம்மாள்களுக்குச் சில யோசனைகள். ஒரிஜினல் சாவி கையில் இருக்கும்போதே இன்னொன்று செய்து, பீரோவில் பத்திரப்படுத்துங்கள். சாவியில் எண் பொறித்திருந்தால் கணக்கு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சாவிக்கொத்தில் வீட்டு விலாசத்தை மாட்டாதீர்கள். அது திருடனுக்கு அனுப்பும் அழைப்பிதழ். பூட்டு இறுகினால் சமையல் எண்ணெய் விடாதீர்கள். தூசி சேர்ந்து பிசுக்காகிவிடும். பென்சில் கரி, அதாவது கிராஃபைட் தூள், கொஞ்சம் போதும்.

கடைசியாக ஒன்று. சாவிக்காரர் ஆர்.சி. புத்தகம் கேட்டால், "எங்களைப் பார்த்தால் திருடர் மாதிரியா இருக்கிறது?" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்கிறவரிடம் தாராளமாகக் கொடுங்கள். ஒன்றுமே கேட்காமல், "இதோ ஆச்சு" என்று அரத்தை எடுக்கிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். நம்மிடம் கேட்காதவர் நாளைக்கு வேறொருவரிடமும் கேட்கமாட்டார் அல்லவா?