விளக்கு உரைக்கும் செய்தி

பேச அறியாத குழந்தையின் நோவை அதன் முகக்குறிப்பாலும் அழுகையாலும் தாய் உணர்ந்துகொள்கிறாள். திரையில் ஓரெழுத்தும் தோன்றாத கணிப்பொறியிடமும் அத்தகைய கூர்ந்த பார்வையே வேண்டும்.

ராஸ்பெரி பை என்பது உள்ளங்கையில் அடங்கும் கணிப்பொறிப் பலகை. இளையோர் கற்பதற்கென இங்கிலாந்தில் உருவாகி, 2012இல் குறைந்த விலையில் விற்பனைக்கு வந்தது. 2014இல் வெளிவந்த அதன் பி பிளஸ் வகையில் செய்தி சொல்லும் இரு சிறு விளக்குகள் உள. சிவப்பு விளக்கு மின்சாரத்தின் நிலையைக் கூறும். மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே தாழ்ந்தால் அணைந்துவிடும். பச்சை விளக்கு, நினைவட்டை படிக்கப்படுவதைக் காட்டும். தொடக்கத்தில் இடர் நேர்ந்தால் அது எண்ணிக்கையால் பேசும். 4 முறை சிமிட்டினால் தொடக்கக் கோப்பு காணப்படவில்லை. 7 முறையெனில் கெர்னல் எனும் மூலக்கோப்பு காணப்படவில்லை. 8 முறையெனில் நினைவகம் பழுது.

முன்னைய இரண்டும் அட்டையைச் சார்ந்த குறைகள். கோப்புகளை மீண்டும் எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மூன்றாவதோ பலகையின் குறை. இவ்வேறுபாட்டை அறியாதவர் நல்ல பலகையைக் குப்பையில் எறிவர். அத்துடன் ஒரு மாணவனின் கல்விக் கருவியும் போகும். அறிந்தவர் பொறுமையாக எண்ணுவர். சிவப்பு எரிகிறது என்பதால் எல்லாம் நலம் என்றும் கருதமாட்டார். மின்சாரம் வந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

வகுப்பில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் மாணவனை மந்தன் என ஒதுக்குமுன், ஆசிரியர் அப்பச்சை விளக்கைச் சற்றே நினைத்தல் நன்று.