எழுதுகோல் நின்ற இடம்

காஞ்சிபுரத்தில் கம்பெனி பஸ் ஏறி வாலாஜாபாத் மார்க்கமாக ஒரகடம் போய்ச் சேருவதற்குள் கிடைக்கிற ஒரு மணி நேரத்தை, உடன் வருகிறவர்களில் பெரும்பாலோர் நித்திரைக்கு ஒப்புக்கொடுத்துவிட, நான் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பாட்காஸ்ட் கேட்பதில் கழித்துவருகிறேன். கேட்பது சுகமாகவே இருக்கிறது. ஆயினும் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்து, ஷிப்ட் தொடங்குவதற்குள் கேட்டதில் பாதி காற்றோடு போய்விடுகிறதே என்பது என் நெடுநாளைய விசாரம். குலுங்குகிற வண்டியில் நோட்டுப் புத்தகத்தோடு நான் படும் பிரயாசையைக் கண்ட பக்கத்து ஸீட் இளைஞர், "ஏன் சார் கஷ்டப்படுறீங்க? போனே எழுதிக் குடுத்துடும்" என்று சொல்லி, ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தார்.

இவ்வித்தை இப்போது அபூர்வமானதன்று. 2022-இல் வெளிவந்த விஸ்பர் என்னும் மென்பொருள் 6,80,000 மணி நேர ஒலிப்பதிவைக் கொண்டு பயிற்றப்பட்டது. பேச்சை முப்பது முப்பது விநாடித் துண்டுகளாக எடுத்துக்கொண்டு, இன்ன ஒலிக்கு இன்ன சொல்லே பொருந்தக்கூடும் என்று அது அனுமானித்து எழுதுகிறது. அதன் சிறிய வடிவங்கள், இணையத் தொடர்பு இல்லாமலே, கைப்பேசிக்குள் அடங்கி வேலை செய்கின்றன.

ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டு அவதரித்த ராமாநுஜரைப் பற்றிய பேச்சு ஒன்றை முதற்பரீட்சையாக என் செயலியிடம் கொடுத்தேன். சில நிமிஷங்களில் பக்கம் பக்கமாக எழுத்து வந்து நின்றது. 'பாஷ்யகாரர்' என்பது 'பாஷைக்காரர்' ஆகியிருந்ததையும், 'சேஷத்வம்' 'விசேஷத்துவம்' ஆகியிருந்ததையும் சிரித்துக்கொண்டே திருத்திவிட்டேன். ஆனால், பேசியவர் தண்ணீர் குடிப்பதற்காகச் சற்று மௌனமாயிருந்த இடத்தில், அவர் சொல்லவே சொல்லாத இரண்டு வாக்கியங்கள் கம்பீரமாக எழுதப்பட்டிருந்தது கண்டு திகைத்துப்போனேன். அடுத்த சொல்லை அனுமானிப்பதே தொழிலாகக்கொண்ட இவ்வகைக் கருவிகள், ஒலியற்ற இடத்திலும் கற்பனையாய் எதையேனும் எழுதிவிடுவதுண்டு என்று பின்னர் அறிந்தேன்.

அந்தப் பேச்சிலேயே இதற்கு நேர்மாறான ஒரு வரலாறும் இருந்தது. ராமாநுஜர் தம் உரைநூலாகிய ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவர், என் ஊருக்கு அருகேயுள்ள கூரத்தில் தோன்றிய கூரத்தாழ்வான். தமக்கு உடன்பாடில்லாத கருத்து வந்தால் எழுதுவதை நிறுத்திவிடுவது என்பது அவ்விருவருக்கும் இடையே ஏற்பாடு. அறிவுடைமையே ஆத்மாவின் ஸ்வரூபம் என்று ஆசாரியர் சொல்லி, இறைவனுக்கு அது அடிமைப்பட்டிருத்தலாகிய சேஷத்வத்தைச் சொல்லாது விட்ட இடத்தில் சிஷ்யரின் எழுத்தாணி நின்றுவிட்டதாம். ஆசாரியர் முதலில் கோபித்து, பிறகு ஆலோசித்துத் தம் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. குருவின் மௌனத்தை நிரப்பத் துணியாத அக்கை, குருவின் சொல்லையே நிறுத்திவைக்கத் துணிந்தது.

ஸ்ரீரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொல்லிவந்த வியாக்கியானத்தைப் பகலில் கேட்டு, இரவில் நினைவிலிருந்து எழுதி, ஈடு முப்பத்தாறாயிரப்படி என்னும் உரைநூலாக நமக்குக் கிடைக்கச் செய்த வடக்குத் திருவீதிப் பிள்ளையும் இவ்வழியில் வந்தவரே. கேட்டது ஓர் உள்ளத்தில் தங்கிப் பக்குவமான பிறகே அங்கே ஏட்டில் ஏறிற்று. கைப்பேசிக்குச் செவி உண்டு, கை உண்டு. இரண்டுக்கும் நடுவே தங்குமிடம் இல்லை.

இதனால் அக்கருவியை நான் தள்ளிவிடவில்லை. ஒரு பெயரோ வருஷமோ ஐயமானால், ஒரு மணி நேரப் பேச்சில் அதைத் தேடி எடுத்துத் தருவதில் அதற்கு நிகரில்லை. பின்னர் ஒலியோடு ஒருமுறை ஒத்துப்பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அதையே என் குறிப்பு என்று சொல்லிக்கொள்வதில்லை. தேநீர் இடைவேளையில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நினைவில் நின்றதை மட்டும் என் கையால் எழுதுகிறேன். நேற்றைய பேச்சுக்குச் செயலி தந்தது இருபது பக்கம். நான் எழுதியது பன்னிரண்டு வரி. அவற்றில் மூன்று இடங்களில் பேனா நின்றது.