அடுக்களை பட்டாசலுக்கு வரும் மாதம்

எங்கள் நெல்லைச் சீமையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். நாம் அதைக் கவனிப்பதில்லை. புறவாசலில் படர்ந்து கிடக்கும் அவரைக்கொடி கவனித்துவிடுகிறது. ஆடியில் விதை ஊன்றிய நாட்டு அவரையும் மொச்சையும், எவ்வளவு தண்ணீர் விட்டாலும், வெறும் இலையும் கொடியுமாகவே வளர்ந்துகொண்டிருக்கும். ஐப்பசி தாண்டிப் பகல் குறுகிய பிறகுதான் பூவெடுக்கும். மார்கழிப் பனியில் காய்த்துத் தள்ளும். எங்கள் வீட்டுக் குளிர்காலச் சமையல் அந்தக் கொடியிலிருந்துதான் தொடங்கும்.

இங்கே குளிர் என்பது கம்பளி தேட வைக்கும் குளிர் அல்ல. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். விடியற்காலையில் அது பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டியிருந்தால் பனிக்காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அந்தச் சிறிய இறக்கத்துக்கே அடுக்களை தன் நேரங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். சித்திரையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கி வழிகிற தோசைமாவு, மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் மெத்தனமாகக் கிடக்கும். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு வெதுவெதுப்பு வேண்டும். அதனால் அம்மா மத்தியானமே அரைத்து, உப்புப் போட்டுக் கையாலேயே நன்றாகக் கலந்து, அடுப்பை ஒட்டித் துணி சுற்றி வைப்பாள். பாலுக்கு உறைமோரைக் கொஞ்சம் கூட்டி, காம்போடு ஒரு மிளகாயைப் போட்டு, பாத்திரத்தை அரிசிப் பானைக்குள் இறக்குவாள். காலையில் மிளகும் இஞ்சியும் தூக்கலாகப் போட்ட வெண்பொங்கல், ராத்திரி கொள்ளு ரசம், படுக்கப் போகுமுன் கருப்பட்டி போட்ட சுக்குத்தண்ணி என்று நாள் போகும்.

இவையெல்லாம் ஒருவர் கையிலேயே முடிந்துவிடுகிற வேலைகள். முடியாத வேலைகள் பாளையங்கோட்டை மார்க்கெட்டிலிருந்து பையில் வந்து இறங்கும். சிறுகிழங்கு, பச்சை மொச்சை, பனங்கிழங்கு, சேனை, சேம்பு, பிடிகருணை, சர்க்கரைவள்ளி. இந்தப் பருவத்துக் காய்கறியில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் விளைந்தது. வடகிழக்குப் பருவமழையில் பெருத்து, மழை ஓய்ந்ததும் தோண்டி எடுத்தது. மண்ணோடு வரும், தோலோடு வரும், அவசரக்காரர்களுக்கு இணங்காது.

சிறுகிழங்கு கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மெல்லிய கறுத்த தோல். அதன்மேல் ஒட்டிய மண். கத்தியால் சீவினால் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும். தண்ணீரில் ஊறப்போட்டு, சாக்கில் கட்டித் தரையில் போட்டு அடித்துப் புரட்ட வேண்டும். அது தாத்தாவின் வேலை. முற்றத்துக் கல்தளத்தில் அவர் சாக்கை அடிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்கும். சாக்கு எடுத்தது போக மீதித் தோலை நாங்கள் சுற்றி உட்கார்ந்து நகத்தால் சுரண்டுவோம். விரல்நுனி கறுத்துப்போகும், சோப்புக்கு அசையாது. யார் வீட்டில் நேற்றுச் சிறுகிழங்கு என்பதைப் பள்ளிக்கூடத்தில் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவித்து, தேங்காயும் சீரகமும் பூண்டும் அரைத்துப் போட்டுப் பிரட்டினால் வருகிற மணம் வேறெந்தக் கிழங்குக்கும் கிடையாது. அது மழை நின்ற வயலின் மணம்.

மொச்சையை உரிப்பது சுலபம், பிதுக்குவதுதான் வேலை. முற்றிய பயறை ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலிடையில் அழுத்தினால் தோல் கையில் நிற்க, பருப்பு நழுவிக் கிண்ணத்தில் விழும். ஒரு வேளைக் குழம்புக்கு வேண்டிய பருப்பு சேர, தனியாக உட்கார்ந்தால் ஒரு சாயங்காலமே போய்விடும். எல்லோரும் உட்கார்ந்தால், எடுத்த பேச்சு முடிவதற்குள் முடிந்துவிடும். அப்பா ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் ஆச்சி முறத்தை அவர் பக்கம் நகர்த்துவாள். "எய்யா, பேசிக்கிட்டே இதக் கொஞ்சம் பிதுக்கு." அப்பா மறுபேச்சில்லாமல் சம்மணம் போட்டு உட்காருவார்.

பனங்கிழங்குக்கு இன்னும் நீளமான கதை. ஆடி, ஆவணியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளை மணலில் பாத்தி கட்டிப் புதைப்பார்கள். பனையின் முளை வெளிச்சத்தைத் தேடி மேலே வருவதில்லை. முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்கி, அங்கே மாவைச் சேர்த்துக்கொண்டு கிழங்காகிறது. மார்கழியிலும் தையிலும் தோண்டுவார்கள். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்து, நாரை இழுத்து எறிந்துவிட்டுத்தான் வாயில் போட முடியும். கொட்டையை வெட்டினால் பஞ்சு மாதிரி இருக்கிற தவுண், வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளைக்கு. மிஞ்சிய கிழங்கைப் பச்சைமிளகாய், பூண்டு, தேங்காயோடு உரலில் போட்டு இடித்து உருட்டித் தருவாள் ஆச்சி. ஆளுக்கு ஒன்று.

மற்ற மாதங்களில் எங்கள் வீட்டுச் சமையல் அடுக்களைக்குள்ளேயே நடந்து முடிந்து, தட்டில் வந்து சேரும். ஆண்கள் அதைச் சாப்பிடும்போதுதான் பார்ப்பார்கள். மார்கழியில் முறமும் சாக்கும் கிண்ணமும் வாசற்படி தாண்டிப் பட்டாசலுக்கு வந்துவிடும். தாத்தாவின் நாற்காலியும் அப்பாவின் பேப்பரும் இருக்கிற இடம் அது. அங்கே வந்த வேலை எல்லோருடைய வேலையும் ஆகிவிடும். கைக்கு வேலை இருந்து, கண் முறத்தில் இருக்கும்போது, நேருக்கு நேர் சொல்ல முடியாததைச் சொல்லிவிட முடியும் என்பதை நான் அங்கேதான் கண்டேன். மதுரைக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று அக்கா அப்பாவிடம் முதன்முதலில் சொன்னது மொச்சை பிதுக்கும்போது. அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பிதுக்கிக்கொண்டே இருந்தார். முறம் காலியானபோது, "எந்தக் காலேஜ்னு விசாரிச்சியா?" என்று கேட்டார்.

திருவாதிரை வந்தால் இந்தக் கூட்டு வேலை உச்சத்துக்குப் போகும். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபை நெல்லையப்பர் கோயிலிலேயே இருப்பதால், ஊருக்கு அது தன் சொந்தத் திருவிழா. சேந்தனார் தில்லை இறைவனுக்குக் களி படைத்த கதையைச் சொல்லிக்கொண்டே, பச்சரிசியை வறுத்து உடைத்து, பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் களி கிண்டுவாள் ஆச்சி. கூடவே தாளகம்: எள்ளும் துவரம்பருப்பும் வற்றலும் வறுத்து அரைத்துப் புளிவிட்ட குழம்பு. அதில் ஒற்றைப்படையில் காய்கள், குறைந்தது ஏழு. சேனை, பரங்கி, அவரை, மொச்சை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு என்று அந்தப் பருவம் முழுவதும் ஒரு சட்டிக்குள் வந்துவிடும். ஏழு காயையும் கழுவி நறுக்க ஒரு ஜோடிக் கை போதாது.

பொங்கலன்று வாசலில் விரிக்கும் இலையிலும் அரிசிக்குச் சரிசமமாகக் கிழங்குகள் இருக்கும். தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் மாசி, பங்குனியில்தான் அறுப்புக்கு வரும். தைப் பிறப்பன்று வயல் இன்னும் அறுவடைக்கு நிற்கும். அன்றைக்கு மண் புதிதாகக் கொடுத்திருப்பது கிழங்குகளையும் மஞ்சளையும்தான். அதனால்தான் அவற்றுக்கு இலையில் அவ்வளவு மரியாதை என்று எனக்குத் தோன்றும். பிறகு பெண்பிள்ளைகளின் சிறுவீட்டுப் பொங்கல். மார்கழி முழுக்க வாசலில் வைத்த பரங்கிப் பூவையும் சாணத்தையும் தட்டிக் காயவைத்த பூவெருவை ஆற்றில் விடுவதற்கு முன், மண்ணால் கட்டிய சின்ன வீட்டில் அவர்களே பொங்கலிடுவார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. அந்த வாசலில் விடியுமுன்னே சாணம் தெளித்துக் கோலம் போட்டது யார்? பச்சைத்தண்ணீரில் பாத்திரம் கழுவியது யார்? பட்டாசலில் கூடியது சாயங்கால வேலை. நாலு மணிக்கு எழுந்த வேலை அம்மாவுடையதும் ஆச்சியுடையதும் மட்டுமே. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அந்த ஆண்களும் நூற்றுக்கு 26 பேர்தான். அந்த எண்களைப் படித்தபோது, தெருவுக்கே கேட்ட சாக்குச் சத்தத்தைவிட, யாருக்கும் கேட்காத அந்த நாலு மணி வேலை எவ்வளவு பெரியது என்று மனதில் உறைத்தது.

இன்று பிதுக்கிய மொச்சை பாக்கெட்டில் கிடைக்கிறது. மாவும் பாக்கெட்டில் கிடைக்கிறது. அலுவலகமும் வீடும் ஒருசேரச் சுமக்கும் பெண் அதை வாங்கினால் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பழைய சமையல் போய்விட்டதே என்று வருந்துபவர்கள், அது எத்தனை பேருடைய கையால் நடந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். செய்முறையை எழுதி வைத்துவிட்டால் சிறுகிழங்கு பிழைத்துவிடாது. அந்தச் செய்முறையின் முதல் வரி, "நாலு பேர் உட்காரவும்" என்பது. அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஒருத்தியின் தலையில் வைத்தால், தாளகம் மரபாக இருக்காது, தண்டனையாகத்தான் இருக்கும்.

இப்போது நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் முற்றமும் இல்லை, பட்டாசலும் இல்லை. ஹாலில் பேப்பரை விரித்து, மகனும் மகளும் நானும் மனைவியும் உட்காருகிறோம். ஆச்சி சொன்னதுபோல் பேசிக்கொண்டே பிதுக்குகிறோம். காலையில் எழுந்து பொங்கல் வைப்பதை முறை போட்டுக்கொண்டிருக்கிறோம். உறங்குகிறவர்கள் யார் என்பது நாளுக்கு நாள் மாறுகிறது. எழுகிறவர் எப்போதும் ஒருவரே என்ற நிலை இல்லை. ஆச்சியின் கைப்பக்குவத்தைவிட ஆச்சி முறத்தை நகர்த்திய அந்தச் செயலையே நான் பெரிய சொத்தாக நினைக்கிறேன். அதைத்தான் பிள்ளைகளிடம் கொடுக்க விரும்புகிறேன்.

வருகிற மார்கழியில் மார்க்கெட்டில் சிறுகிழங்கைப் பார்த்தால், விலை கேட்பதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன் செய்து, சாயங்காலம் யார் யார் உட்காருவீர்கள் என்று கேளுங்கள். எல்லோரும் சரி என்றால் தைரியமாக இரண்டு கிலோ வாங்கலாம்.