காவு கேட்ட வண்டி

இரும்பு பேசாது. பேசாது என்பதனாலேயே அதன்மீது எந்தப் பழியையும் சுமத்தலாம் என்று எண்ணுவோர் நாட்டிலே நிரம்ப உண்டு. ஓடுகின்றவரையில் அது இலட்சுமி. ஓட மறுத்தால் சனியன். ஓட்டியவன் மாண்டுவிட்டாலோ, காவு வாங்கிய பேய்! இத்தனை பட்டங்களைச் சூட்டுகிறவர்கள் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யமாட்டார்கள். திருகாணியைக் கழற்றி உள்ளே பார்க்கமாட்டார்கள்.

ஆறுமுகநேரியிலே அத்தகைய 'பேய்' ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓலைக்கொட்டகைக்குள் பூட்டப்பட்டுக் கிடந்தது. 1968-ஆம் ஆண்டில் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலே உருவான 350 சி.சி. என்ஃபீல்டு புல்லட் அது. உப்பளத்திலே கணக்கெழுதிய என் தாய்மாமன், பிறர் ஓட்டிய பழைய வண்டியாக அதனை வாங்கினார். 1986-இல், மணமாகி ஏழாம் மாதம், இரவு வேலை முடிந்து திரும்புகையில், உப்பளத்தையொட்டிச் சாலை வளையுமிடத்தில் வண்டியோடு சரிந்தார். தலையிலே அடி, தலைக்கவசம் இல்லை. பொழுது விடியுமுன் உயிரும் இல்லை.

ஊர் கூடிற்று, அழுதது, பிறகு தீர்ப்பும் வழங்கிற்று. வண்டி காவு கேட்டது என்றனர் சிலர். வந்தவள் ராசி என்றனர் பலர். 'வந்தவள்' என் அத்தை. அப்போது வயது இருபத்திரண்டு. வண்டிக்குக் கிடைத்த தண்டனை கொட்டகை. அத்தைக்குக் கிடைத்த தண்டனை, ஒவ்வொரு மணப்பந்தலுக்கும் வெளியே நிற்பது. இரும்புக்கு வலி இல்லை. அத்தைக்கு?

இராசத்தான் மாநிலத்திலே, பாலி நகருக்கருகே சோத்பூர் நெடுஞ்சாலையோரம், இன்னொரு புல்லட் நிற்கிறது. 1988-இல் அதனை ஓட்டிச் சென்ற இளைஞர் மரத்தில் மோதி மாண்டார். காவல்நிலையத்திற்குக் கொண்டுசென்ற வண்டி, இரவோடிரவாகத் தானே திரும்பி வந்துவிட்டது என்று கதை பரவிற்று. கதை வளர்ந்தது, கோயிலும் எழுந்தது. 'புல்லட் பாபா' என்று பெயரிட்டு மாலை சூட்டி வணங்குகிறார்கள். அங்கே அது தெய்வம், இங்கே இது பேய்! தெய்வத்துக்கு மாலை, பேய்க்குப் பூட்டு. வணங்கியவரும் அஞ்சியவரும் வண்டியைச் சுற்றி நின்றனரே தவிர, வண்டிக்குள்ளே பார்த்தாரில்லை.

2019-இல் நான் அந்தப் பூட்டைத் திறந்தேன். பட்டறைத் தொழிலிலே தலைநரைத்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் உடன் வந்தார். அவர் வண்டியைக் கண்டு அஞ்சவுமில்லை, கும்பிடவுமில்லை. முழங்காலிட்டு அமர்ந்து முகர்ந்து பார்த்தார். "பழைய பெட்ரோல் வாடை அடிக்கு. முதல்ல டேங்கைக் கழத்துவோம்" என்றார். மந்திரம் அவ்வளவுதான்!

உப்பளத்து ஊரிலே இரும்பின் கதி யாவரும் அறிந்ததே. துருப்பிடிக்க இரும்பும் காற்றும் ஈரமும் போதும். உப்பு சேர்ந்தாலோ, அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து, அந்த ஈரத்தை மின்சாரம் கடத்தும் கரைசலாகவும் ஆக்கிவிடும். அரிப்பு விரைந்து நடக்கும். மட்கார்டின் மடிப்புகளிலே உப்பு படிந்து, தகடு அப்பளமாய் நொறுங்கியது. பிஸ்டன், சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. உதைத்தால் உடையும் என்றார் அண்ணாச்சி. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றிவைத்தோம். ஒன்பதாம் நாள், கியரிலே போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக அசைத்தபோது இறுக்கம் விட்டது. எலுமிச்சம்பழம் ஏதும் நசுக்கவில்லை!

டேங்கின் உட்துருவைப் போக்கியது மின்சாரம். சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, டேங்கோடு படாமல் ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, கம்பிக்கு நேர்மின்னும் டேங்குக்கு எதிர்மின்னும் கொடுத்தோம். எழுந்த குமிழிகளிலே ஹைட்ரஜன் இருக்கும். ஆகவே திறந்த வெளியிலே, நெருப்பை அண்டவிடாமல் செய்தோம். அருகிலுள்ள சாகுபுரத்து ஆலையிலே உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கிறார்களே, அதே அறிவியலின் சிறு பிள்ளைதான் இதுவும்.

பிறகு, கிராங்க் அறையிலே தேங்கிய பழைய ஆயிலை வடித்தோம். கார்புரேட்டரின் நுண்துளைகளைத் துலக்கினோம். கறுத்த பாயின்டைத் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்தோம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் குழாய்களையும் வாஷர்களையும் மாற்றினோம். ஐந்தாவது உதையிலே எஞ்சின் முழங்கியது. தெருவே திரண்டது. ஏறி ஓட்டு என்றனர் இளைஞர்கள்.

அண்ணாச்சி சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஓடுறது பெருசில்ல தம்பி. நிக்கணும்" என்றார்.

முன்சக்கரத்தைக் கழற்றினார். அங்கேதான் இருந்தது, முப்பத்துமூன்று ஆண்டுகளாக ஊர் தேடாத விடை! பிரேக் ஷூவின் லைனிங் முற்றாகத் தேய்ந்து, அதனைப் பிணைத்த ரிவிட்டுகள் வெளியே தலைநீட்டி, டிரம்மின் உட்புறத்தை வட்டவட்டமாகக் கீறியிருந்தன. பின்சக்கரத்திலும் நிலை அதுவே. நெடுங்காலம் நின்றதால் வந்த கேடாக இருக்கலாகாதோ என்று கேட்டேன். அவர் விரலால் தடவிக் காட்டினார். நின்ற வண்டியிலே துரு ஏறும், கீறல் விழாது. சக்கரம் சுழன்றால்தான் ரிவிட்டு டிரம்மைக் கீறும். ஆக, மாமன் ஓட்டிய நாளிலேயே பிரேக் செத்துவிட்டது!

அத்தையிடம் சென்று கேட்டேன். வண்டியை நிறுத்தும்போது ஏதேனும் ஓசை வந்ததா என்று. நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கரகரன்னு சத்தம் வரும் அய்யா. ஒரு மாசமாவே வந்துச்சு. சம்பளம் வரட்டும், மாத்திருவோம்னு சொன்னாவ."

அந்தச் சம்பளம் வருமுன் அவர் போய்விட்டார். இருட்டு, வளைவு, கவசமில்லாத தலை, பிடிக்காத பிரேக். இத்தனை காரணங்கள் வரிசையிலே நிற்க, இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தியைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றிற்று ஊர். காரணத்தைத் தேடச் சோம்பியவர்களுக்கு ராசி என்ற சொல் எத்துணை வசதியாக வாய்த்துவிட்டது, பார்த்தீர்களா தோழர்களே!

இரு சக்கரங்களுக்கும் புதிய ஷூ, டிரம்மைக் கடைந்து சமன்செய்தல், புதிய கேபிள், புதிய டயர், புதிய விளக்குக் கம்பிகள். அதன் பிறகே வண்டி சாலையைக் கண்டது. வாகன அலுவலகத்திலே ஆய்வுக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்தோம், காப்பீடும் எடுத்தோம். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021-இல் ஒன்றிய அரசு தனிப்பதிவு விதியொன்றைக் கொணர்ந்தது. அவ்வாறு பதிந்தால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கே ஓட்டலாம்; அன்றாடம் ஓட்ட இயலாது. காட்சிப்பொருளாக்க எனக்கு விருப்பமில்லை. வழக்கமான பதிவையே தொடர்கிறேன். தலைக்கவசம் இரண்டு வாங்கினேன்.

இரண்டாவது எதற்கு என்று உறவினர் கேட்டனர். அத்தைக்கு என்றேன். முகம் சுளித்தனர் சிலர். அந்த வண்டியிலேயா, அவளா என்றனர். அத்தை எவரிடமும் வாதாடவில்லை. தேய்ந்த பழைய பிரேக் ஷூவை என்னிடம் கேட்டு வாங்கி, அதனை முந்தானையால் துடைத்து, சுவரிலே மாமன் படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டினார். வீட்டுக்கு வருவோர் எவராயினும் அது என்னவென்று கேளாதிருப்பதில்லை. கேட்போருக்கெல்லாம் அத்தையே விளக்குகிறார். லைனிங் எது, ரிவிட்டு எது, கீறல் எப்படி விழுந்தது என்று விரல்வைத்துக் காட்டுகிறார்.